மூன்று வருடம் அவளை மட்டும் அலையவிட்டோம்

கல்யாணமாகி மூன்று வருடம் குழந்தை இல்லை என்றதும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கோயில் வேண்டுதல் என்று என் மனைவியைத்தான் எல்லோரும் அலையவிட்டார்கள், தினம் பத்து சிகரெட் பிடித்த என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

கடைசியில்தான் எனக்கு விந்துப் பரிசோதனை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணு என்பது கீழ் எல்லை, எனக்கு அதைவிடக் குறைவு. சிகரெட் புகையில் காட்மியம், ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் எல்லாம் இருக்கின்றன; புகை விந்தணுவின் எண்ணிக்கையை, நீந்தும் திறனை, அதைவிட முக்கியமாக உள்ளே இருக்கும் டிஎன்ஏவைக் கெடுக்கிறது. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் டிஎன்ஏ சிதைந்திருந்தால் கருச்சிதைவு வாய்ப்பு கூடும், அந்தப் பழியும் பெண் தலையில்தான் விழும்.

சரி, இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள், அப்புறம் முதிர்ந்து வெளியே வர இன்னும் கொஞ்ச நாள். அதனால் இன்று சிகரெட்டை விட்டால் மூன்று மாதத்தில் வருவதெல்லாம் புகை படாமல் உருவானவை. நான் விட்டு ஐந்து வாரம் ஆகிறது. மறுபரிசோதனைக்கு இன்னும் ஏழு வாரம்.