எரு போடாத பாத்தி

2024 மார்ச் 9

பூச்சி பிடிக்கும் சதுப்புச் செடிகளுக்கு ஒரு பாத்தி அமைக்க, கொல்லையில் குழி வெட்டத் தொடங்கினோம். ஐந்தடி நீளம், மூன்றடி அகலம், ஒன்றேகால் அடி ஆழம். வட கரோலினாவில் எங்கள் கேரி நகரத்து மண் செங்களி. ஈரமாக இருந்ததால் மண்வெட்டியை விட்டு உதிர மறுத்தது. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் மாமனார், ஒரு பிடி அள்ளி விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"நல்ல களி, மாப்பிள்ளை. சொட்டுத் தண்ணீர் கீழே இறங்காது. இதன்மேல் எதற்கு ரப்பர் விரிப்பு?"

தண்ணீரைப் பிடித்துவைக்கும் என்பது உண்மைதான். ஆனால் களியிலிருந்து தாதுக்கள் கரைந்து மேலே வந்தால், நான் வைக்கப்போகும் செடிகளின் வேர் கருகிவிடும். நைட்ரஜனும் பாஸ்பரஸும் இல்லாத ஏழை மண்ணில் பிழைப்பதற்காகவே பூச்சி பிடிக்கக் கற்றுக்கொண்டவை அவை. சத்தான மண் அவற்றுக்கு விஷம். குளம் அமைப்பவர்கள் பயன்படுத்தும் தடித்த ரப்பர் விரிப்பு, ஊர் மண்ணை அண்டவிடாமல் தடுக்கத்தான்.

இடத்தைப் பற்றி எனக்குக் குழப்பமே இல்லை. ஆறு மணி நேரமாவது நேர்வெயில் விழ வேண்டும். வீட்டில் அப்படி ஒரே மூலைதான் இருக்கிறது. தக்காளி போட அதைக் கேட்டிருந்த மனைவிக்கு நிழல் பக்கம்தான் கிடைத்தது.

மார்ச் 16

பீட் பாசியை, அதாவது சதுப்பில் மக்கிய பாசியை, மணலோடு கலந்தே பொழுது போய்விட்டது. மூன்று பங்கு பீட், ஒரு பங்கு கழுவிய சிலிக்கா மணல். கடற்கரை மணல் கூடவே கூடாது; உப்பும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் சேர்ந்துவிடும். பீட் மூட்டை வாங்கும்போது உரம் கலக்காததா என்று அட்டையைப் படிக்க வேண்டும், ஏனென்றால் பக்கத்திலேயே உரம் கலந்த மூட்டை அதே நிறத்தில் அடுக்கியிருக்கும். காய்ந்த பீட் தண்ணீரை உள்ளே விடாது, மேலேயே மிதக்கும். தள்ளுவண்டியில் கொட்டி, வெதுவெதுப்பான மழைநீர் ஊற்றி, கையால் பிசைந்து பிசைந்துதான் ஊறவைக்க வேண்டியிருந்தது.

மாமா பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேவிட்டார். "சாணம், தழை, புண்ணாக்கு, ஒன்றுமே கிடையாதா?"

"ஒன்றும் கிடையாது, மாமா."

"அப்படியானால் இது விவசாயம் இல்லை. பட்டினி போடுவது."

விரிப்பை இறக்கிக் குழியை நிரப்பிய பிறகு அவர் கேட்ட அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது: "கண்மாய் வெட்டிவிட்டீர்கள். கலுங்கு எங்கே?" அதற்கான கத்தி என் கையில்தான் இருந்தது. மேல்மட்டத்திலிருந்து நான்கு அங்குலம் கீழே, விரிப்பின் பக்கவாட்டில் சில துளைகள் போட்டேன். பெருமழை பெய்தால் மிகுதி நீர் அங்கே வெளியேறிவிடும். துளைக்குக் கீழே இருக்கும் நீர் பீட் வழியாக ஊறி மேலே வரும். மேற்பரப்பு ஈரமாக இருக்கும், ஆனால் தண்ணீர் தேங்கி நிற்காது. கொசுவைப் பற்றி மனைவிக்கு இருந்த பயத்துக்கும் இதுவே பதில்.

மார்ச் 23

நடவு. எல்லாம் நாற்றுப்பண்ணையில் பெருக்கப்பட்டவை, குளிர்கால உறக்கம் முடியும் தறுவாயில் கிழங்காக வந்தவை. பாத்தியை ஒரு பக்கம் சற்று மேடாக்கியிருக்கிறேன். மேட்டில் வீனஸ் ஈப்பொறி, இலையை மூடிப் பூச்சியைப் பிடிக்கும் செடி. அதன் குருத்து தண்ணீரில் கிடந்தால் அழுகும். நடுவில் உயரமான மஞ்சள் குடுவைச் செடி, சாரசீனியா ஃபிளாவா; குடுவை போன்ற இலைக்குள் பூச்சியை விழவைப்பது. அதன் பக்கத்தில் வெள்ளைத் தலைக் குடுவை, லியூகோஃபில்லா. இது மெக்சிகோ வளைகுடாக் கரையைச் சேர்ந்தது, இந்த மாநிலத்துச் செடி அல்ல, அழகுக்காக விதிவிலக்கு. பள்ளத்தில் ஊதாக் குடுவை, சாரசீனியா பர்ப்பூரியா. ஓரங்களில் நூலிலை ட்ரோசெரா, பனித்துளி போன்ற பசையால் பூச்சியை ஒட்டிப் பிடிப்பது.

மே 11

இந்தச் செடிகள் தாமாக வளரும் கிரீன் ஸ்வாம்ப் (பசுஞ்சதுப்பு) காட்டுக்குப் போய்வந்தோம். பிரன்ஸ்விக் கவுண்டியில், 211ஆம் நெடுஞ்சாலையோரம், நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு பராமரிக்கும் நிலம். வீனஸ் ஈப்பொறி உலகத்தில் இயற்கையாக வளர்வது வட, தென் கரோலினாக்களின் கடலோரச் சமவெளியில் மட்டும்தான். 1759இல் இதைப் பற்றி முதன்முதலாக எழுதிவைத்த ஆளுநர் ஆர்தர் டாப்ஸ் வாழ்ந்ததும் இதே வட்டாரம்.

சதுப்பு என்றதும் மாமா முழங்கால் சேற்றை எதிர்பார்த்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். இருந்ததோ திறந்த புல்வெளி, அங்கொன்றும் இங்கொன்றுமாக நீளிலைப் பைன் மரங்கள், அடிமரமெல்லாம் கரி. இங்கே வேண்டுமென்றே தீ வைக்கிறார்கள். தீ வராவிட்டால் சில ஆண்டுகளில் புதர் மண்டி, வெயில் மறைந்து, இந்தச் செடிகள் ஒழிந்துபோகும். ஈப்பொறியைக் கொல்வது பூச்சிப் பஞ்சம் அல்ல, நிழல். அதற்கு அடுத்தது திருட்டு. 2014 டிசம்பரிலிருந்து காட்டில் ஈப்பொறியைப் பிடுங்குவது வட கரோலினாவில் பெருங்குற்றம். அதற்கு முந்தைய ஆண்டு வில்மிங்டனில் பூச்சியுண்ணும் செடிகளுக்கான ஸ்டான்லி ரேடர் தோட்டத்திலிருந்தே சுமார் ஆயிரம் செடிகளை வாரிக்கொண்டு போயிருந்தார்கள். நாற்றுப்பண்ணையில் சில டாலருக்குக் கிடைக்கும் செடிக்காக!

ஈப்பொறிகள் பூக்கத் தொடங்கியிருந்தன. வெள்ளைப் பூ, பொறிக்கு எட்டாத உயரத்தில் காம்பு. பொறியில் சிக்குவதில் பெரும்பங்கு எறும்பும் சிலந்தியும். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மகரந்தம் சுமக்கும் முக்கியமான தேனீயும் வண்டுகளும் பொறிகளுக்குள் காணப்படவே இல்லை.

ஜூன் 29

மழை இல்லை. மக்காச்சோளம் கருகுகிறது என்று செய்தியில் சொல்கிறார்கள். கூரைத் தண்ணீர் சேரும் பீப்பாய்கள் அடியைத் தட்டிவிட்டன. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஓரங்குல மழை பெய்தாலே 600 காலனுக்கு மேல் கிடைக்கும். அந்த ஓரங்குலம்தான் வரவில்லை. குழாய்த் தண்ணீரில் உப்பு அளக்கும் மீட்டரை நனைத்தால், கரைந்த உப்பை (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று) மூன்று இலக்கத்தில் காட்டுகிறது. இந்தச் செடிகளுக்கு ஐம்பதுக்குக் கீழே இருப்பது நல்லது. ஒருமுறை ஊற்றினால் ஒன்றும் ஆகாது. ஆனால் பாத்தியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். எனவே கடையில் காய்ச்சி வடித்த நீரை வாங்கி வந்து ஊற்றுகிறேன். புல்தரைக்குக் குழாய்த் தண்ணீர், சதுப்புக்குப் புட்டித் தண்ணீர். மாமா இதை ஊரில் யாரிடமும் சொல்லப்போவதில்லையாம்.

வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: என்ன தீனி போடுகிறீர்கள்? தீனி அதுவே தேடிக்கொள்கிறது. எனக்கு முழுநேர வேலை தண்ணீர்.

ஆகஸ்ட் 9

டெபி புயல் நேற்று கடந்து போனது. ஜூனில் கேட்ட மழையெல்லாம் மொத்தமாக வந்தது. பக்கத் துளைகள் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. காலையில் பார்த்தபோது மேடு நனைந்திருந்தது, மூழ்கவில்லை. பள்ளத்து ஊதாக் குடுவைகளுக்கு மழையைத் தடுக்கும்படியான மூடி கிடையாது, அவை விளிம்புவரை நிரம்பியிருந்தன. அவை மழைநீரைச் சேர்த்து அதில்தான் பூச்சியை ஊறவைக்கும்.

மஞ்சள் குடுவைகளுக்கு மூடி உண்டு, ஆனால் உயரம் அதிகம், காற்றில் மடிந்துவிட்டன. சாய்ந்த ஒன்றை வெட்டி நெடுக்காகப் பிளந்தேன். நாற்றம் குடலைப் பிடுங்கியது. அடியிலிருந்து பாதிவரை குளவிச் சிறகு, வண்டின் ஓடு, ஈயின் கால். உள்சுவரில் கீழ்நோக்கி வளர்ந்த முடிகளை மாமா விரலால் தடவிப் பார்த்தார். கீழே போவது வழுக்கல், மேலே வருவது முள். மீன் பிடிக்கும் கூண்டிலும் இப்படித்தான் என்றார். பட்டினி போடுவதாகச் சொன்னதை மட்டும் அவர் திரும்பப் பெறவில்லை.

செப்டம்பர் 22

மாமா ஊருக்குப் போய்விட்டார், பாத்தியின் சிறந்த பருவத்தைப் பார்க்காமலே. லியூகோஃபில்லா இப்போதுதான் நல்ல குடுவைகளை விடுகிறது: பால் வெள்ளை, அதில் சிவப்பு நரம்புகள். வசந்தத்தில் ஆடிய மஞ்சள் குடுவை இப்போது பழுத்து, வெறும் தட்டை இலைகளோடு நிற்கிறது. இரண்டையும் சேர்த்து நட்டால் மார்ச் முதல் அக்டோபர் வரை ஏதாவது ஒன்று பார்வைக்கு இருக்கும்.

சென்னை நண்பர் படத்தைப் பார்த்துவிட்டு விதை கேட்கிறார். சாரசீனியாவுக்கு மூன்று நான்கு மாதக் குளிர் உறக்கம் தேவை. சென்னையில் அது உளுத்துப் போய்ச் சாகும். தமிழ்நாட்டில் தானாகவே வளரும் ட்ரோசெரா பர்மனியும் ட்ரோசெரா இண்டிகாவும் இருக்கும்போது கப்பல் ஏறி வந்த செடி எதற்கு என்று எழுதிவிட்டேன். கோபித்துக்கொண்டாரோ என்னவோ.

டிசம்பர் 7

பாத்தியின்மேல் பைன் மரத்து ஊசியிலைகளைப் பரப்பினேன். உறைபனியைவிட, உறைந்த மண்ணில் வீசும் வறண்ட காற்றுதான் கிழங்குக்கு ஆபத்து. குளிரிலும் பாத்தி காயக் கூடாது. வேறு வேலை இல்லை.

2025 பிப்ரவரி 22

பைன் ஊசிகளை விலக்கி, பழைய குடுவைகளையெல்லாம் அடியோடு கத்தரித்தேன். காட்டில் தீ செய்யும் வேலையைக் கொல்லையில் கத்தரிக்கோல் செய்கிறது. வெட்டியதை அங்கேயே போடக் கூடாது. குடுவைகளைத் தின்னும் எக்சைரா அந்துப்பூச்சியின் புழுக்கள் பழைய குடுவைக்குள்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பையில் கட்டி அப்புறப்படுத்தினேன். மஞ்சள் குடுவைக்கு முதலில் பூதான் வரும், குடுவை பிறகு. ஆகையால் மொட்டு நீள்வதற்குள் கத்தரித்துவிட வேண்டும், இல்லையென்றால் மொட்டும் சேர்ந்து வெட்டுப்படும்.

களைதான் தலைவலி. பக்கத்து வீட்டு ஸ்வீட்கம் மரத்தின் விதைகள் பீட்டில் முளைத்து நிற்கின்றன. ஈரத்தில் இழுத்தால் வேரோடு வருகின்றன; ஏப்ரல்வரை விட்டால் வராது. பாத்தி இரண்டங்குலம் இறங்கியிருக்கிறது, பீட் மக்கினால் அப்படித்தான். ஒரு மூட்டை வாங்கி ஊறவைத்து, குருத்துகளை மூடாமல் இடையிடையே நிரப்ப வேண்டும். இந்த முறை ட்ரோசெராவுக்கு இன்னொரு ஓரமும் ஒதுக்கலாம். தக்காளிக்கு இந்த ஆண்டும் நிழல்தான். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.