121 மேட்ச் தோத்த டீமை எடுத்து ரீபில்ட் பண்றேன்: 2028 வரைக்கும் நடந்தது

அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் 26ங்கற கம்ப்யூட்டர் கேம்ல ஒரு ரீபில்ட் (டீமை முதல்லேர்ந்து கட்டற) ஸேவ் ஓட்டிட்டு இருக்கேன், கேம் கணக்குல 2028 சீசன் முடிஞ்சு ஆஃப்சீசன் நடக்குது, மறக்கறதுக்குள்ள எழுதி வெச்சிடலாம்னு இது. டீம் சிகாகோ ஒயிட் சாக்ஸ். 2024ல நிஜமாவே 41 ஜெயிச்சு 121 தோத்தவங்க. 1900க்கு அப்புறம் எந்த மேஜர் லீக் டீமும் ஒரே சீசன்ல இவ்ளோ தோத்தது கிடையாது. யாங்கீஸ், டாட்ஜர்ஸ் எடுத்து ஓட்டறவங்க ஓட்டட்டும், எனக்கு இப்படி தரைமட்டமா கிடக்கறத நிமித்தறதுலதான் கிக்கு.

கேம் தெரியாதவங்களுக்கு: இதுல பேட் பிடிச்சு அடிக்கற வேலையே இல்ல. நாமதான் ஜெனரல் மேனேஜர். யாரை எடுக்கறது, யாரை விக்கறது, எந்தப் பையனை எந்த மைனர் லீக் (பசங்க வளர்ற கீழ் லீக்) லெவல்ல போடறது, ஸ்கவுட்டிங்குக்கு எவ்ளோ காசு ஒதுக்கறது, எல்லாமே டேபிள் டேபிளா நம்பர்தான், பின்னாடி நின்னு பாக்கறவங்க ஆபீஸ் வேலை பாக்கறேன்னுதான் நெனப்பாங்க. ஆளுங்களுக்கு 20லேர்ந்து 80 வரைக்கும் மார்க், நிஜ ஸ்கவுட்டுங்க போடற அதே ஸ்கேல், 50னா மேஜர் லீக் சராசரி. ட்ரேட் கஷ்டத்தை உச்சத்துல வெச்சிருக்கேன், கம்ப்யூட்டர் டீமுங்க ப்ராஸ்பெக்ட் (வளர்ந்து வர்ற) பசங்களுக்கு நல்ல மதிப்பு குடுக்கற மாதிரி செட்டிங். இல்லன்னா வயசான ரிலீவரை (மேட்ச் நடுவுல வந்து பந்து போடறவர்) குடுத்து சூப்பர் ஸ்டார் வாங்கிடலாம், அதுல என்ன இருக்கு.

ரீபில்ட்னாலே கடைசி இடத்துக்கு போனா டிராஃப்ட்ல (புதுப் பசங்களை டீமுங்க வரிசையா எடுக்கறது, ஒவ்வொரு முறையும் ஒரு பிக்) முதல் ஆளை தூக்கிடலாம்னுதான் எல்லாரும் நெனப்பாங்க. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அப்படித்தான் பண்ணாங்க, 2011ல 106 தோல்வி, 2012ல 107, 2013ல 111, வரிசையா மூணு வருஷம் முதல் பிக் அவங்களுக்குத்தான். இனிமே யாரும் அந்த வழில போகக்கூடாதுன்னுதான் 2022ல லீக்கும் ஆட்டக்காரங்க சங்கமும் போட்ட ஒப்பந்தத்துல லாட்டரி கொண்டாந்தாங்க. முதல் ஆறு இடம் குலுக்கல்ல, கடைசி மூணு டீமுக்கும் ஒரே சான்ஸ், 16.5 சதவீதம். இதுல ஒயிட் சாக்ஸுக்கு இன்னொரு ஆப்பும் இருக்கு. வருமானப் பகிர்வுல (பெரிய டீமுங்க சின்ன டீமுங்களுக்கு பங்கு குடுக்கறது) காசு வாங்காத டீம் அடுத்தடுத்த ரெண்டு வருஷம் லாட்டரிக்குள்ள வர முடியாது, 2024ல 5வது பிக்ல ஹேகன் ஸ்மித்தை எடுத்துட்டாங்க, அதனால 121 தோத்தும் 2025 டிராஃப்ட்ல 10வது இடம்தான். முதல் பிக் யாருக்கு போச்சு தெரியுமா, 91 மட்டும் தோத்த வாஷிங்டனுக்கு. இதை தெரிஞ்சுதான் ஸேவ் ஆரம்பிச்சேன், இருந்தாலும் டிராஃப்ட் ஸ்க்ரீன்ல ஒன்பது டீம் எடுத்து முடிக்கற வரைக்கும் கையக் கட்டிட்டு உக்காந்திருந்தது கடுப்புதான்.

சரி, 10வது இடத்துல என்ன பண்றது. இங்கதான் போனஸ் பூல் வேலை செய்யுது. ஒவ்வொரு பிக்குக்கும் ஒரு ஸ்லாட் தொகை (அந்த இடத்துல எடுக்கற பையனுக்கு லீக் வெச்சிருக்கற போனஸ் மதிப்பு), முதல் 10 ரவுண்டோட ஸ்லாட்டை கூட்டினா அதுதான் நம்ம பூல், அதை 5 சதவீதத்துக்கு மேல தாண்டினா அடுத்த வருஷ முதல் ரவுண்ட் பிக்கே போயிடும். ஆனா பூலுக்குள்ள யாருக்கு எவ்ளோ குடுக்கறோம்ங்கறது நம்ம இஷ்டம். 2012ல ஆஸ்ட்ரோஸ் முதல் பிக்ல கார்லோஸ் கொரேயாவை எடுத்து, ஸ்லாட் 72 லட்சம் டாலர் இருக்க 48 லட்சத்துக்கு முடிச்சு, மிச்சம் பிடிச்ச காசுலேர்ந்து 41வது பிக்ல லான்ஸ் மெக்கல்லர்ஸுக்கு 25 லட்சம் குடுத்தாங்க, அது அந்த இடத்து ஸ்லாட்டைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. 2017ல கப் (வேர்ல்ட் சீரிஸ்) அடிச்ச டீம்ல ரெண்டு பேருமே இருந்தாங்க. (அந்தக் கப்புக்கு அப்புறம் எதிர் டீம் கேட்சரோட சிக்னலைத் திருடினது வெளிய வந்து நாறினது வேற கதை, அதுக்கு தண்டனையா 2020, 2021ல முதல் ரெண்டு ரவுண்ட் பிக்கும் பறிபோச்சு.)

நானும் அதே ரூட்டுதான். முதல் பிக்ல எல்லாரும் எதிர்பாக்கற ஆளை விட்டுட்டு, காலேஜ் முடிச்ச, பேட்டிங் கண்ணு நல்லா இருக்கற ஒரு மூணாவது பேஸ்மேனை கம்மி காசுக்கு புடிச்சேன், அந்த மிச்சத்தை வெச்சு ரெண்டாவது ரவுண்ட்ல, காலேஜுக்கு போயிடுவேன்னு மெரட்டிட்டு இருந்த ஹைஸ்கூல் ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கறவன்) ஒருத்தனை இழுத்தேன். டிராஃப்ட்ல வர்ற பசங்க பெரும்பாலும் கேமே உண்டாக்கினவங்க, பேர் சொல்லி பிரயோஜனம் இல்ல, அதனால இவனை குட்டி ஷார்ட்ஸ்டாப்னே சொல்றேன். ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசில வருவான்.

பிட்சர்களை (பந்து போடறவங்க) மேல் ரவுண்டுகள்ல எடுக்கறதில்லன்னு ஒரு கொள்கை வெச்சிருக்கேன். பிட்சிங் ப்ராஸ்பெக்ட்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு பேஸ்பால் வட்டாரத்துல ஒரு பேச்சு உண்டு, எந்த நிமிஷம் எந்த முழங்கை போகும்னு சொல்ல முடியாது, டாமி ஜான்னு சொல்ற முழங்கை ஆபரேஷன்னா குறைஞ்சது ஒரு வருஷம் காலி. அதனால ஆறாவது ரவுண்டுக்கு கீழதான் பிட்சர்களை எடுக்கறேன், வேகம் இருக்கணும், கன்ட்ரோல் இல்லாட்டியும் பரவாயில்ல, ஒரு மூட்டையா அள்ளிப் போட்டா அதுல நாலு பேர் ரிலீவராவாவது தேறுவாங்க. தேறவும் தேறினாங்க.

இப்ப ட்ரேட். பேஸ்பால்ல டிராஃப்ட் பிக்கை விக்க முடியாது, காம்பெட்டிட்டிவ் பேலன்ஸ்னு சின்ன டீமுங்களுக்கு எக்ஸ்ட்ராவா குடுக்கற பிக் மட்டும்தான் கை மாறும். அதனால ஏற்கனவே எடுத்து மைனர்ஸ்ல வளர்ற பசங்கதான் இங்க காசு. என்கிட்ட விக்கறதுக்குன்னு இருந்த பெரிய பொருள் லூயிஸ் ராபர்ட் ஒருத்தர்தான், சென்டர் ஃபீல்டர், 2025க்கு 1.5 கோடி டாலர், அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு தலா 2 கோடில டீம் ஆப்ஷன் (டீம் விரும்பினா நீட்டிக்கலாம்). நிஜத்துல 2025 டெட்லைன்ல (ஜூலை கடைசில ட்ரேட் முடியற கெடு) அவரை விக்காம வெச்சுக்கிட்டாங்க. நான் ஜூலைலயே வித்துட்டேன், ஏன்னா வாங்கறவனுக்கு ரெண்டு ப்ளேஆஃப் கிடைச்சாலும் கிடைக்கும்ங்கற நேரத்துலதான் விலை ஏறும், டிசம்பர்ல அதே ஆளுக்கு அதே விலை வராது. டபுள் ஏல (மேஜர் லீக்குக்கு ரெண்டு படி கீழ) இருந்த ஒரு அவுட்ஃபீல்டர், இன்னொரு கேட்சர், கீழ் லெவல்ல ரெண்டு பசங்க வந்தாங்க.

ஆனா உண்மையிலேயே லாபம் வந்தது சில்லறை வியாபாரத்துலதான். ஜனவரி, ஃபிப்ரவரில வேலை கிடைக்காம உக்காந்திருக்கற பிட்சர்களை ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு எடுக்கணும், தோக்கற டீம்ல ஸ்டார்ட்டர் (மேட்ச்சை ஆரம்பிக்கற பிட்சர்) சான்ஸ் தர்றேன்னா அவங்களே வருவாங்க, ஜூலைல அதுல ஒருத்தர் ரெண்டு பேர் நல்லா போட்டிருப்பாங்க, அவங்களை ஆளில்லாம தவிக்கற டீமுக்கு தள்ளிவிட்டு ஒரு பையனை வாங்கிக்கணும், இதையே ஒவ்வொரு வருஷமும் பண்ணணும். சிகாகோவோட இன்னொரு டீம் கப்ஸ் இதை அழகா பண்ணாங்க, 2013ல ஸ்காட் ஃபெல்ட்மனை ஒரு வருஷத்துக்கு எடுத்து ஜூலைல பால்டிமோருக்கு குடுத்து ஜேக் அரியெட்டாவையும் பெட்ரோ ஸ்ட்ரோப்பையும் வாங்கினாங்க, அரியெட்டா 2015ல 22 ஜெயிச்சு சிறந்த பிட்சருக்கான சை யங் அவார்டு வாங்கினார், அடுத்த வருஷம் 108 வருஷம் கழிச்சு கப். டிராஃப்ட்ல எடுத்த கிரிஸ் பிரயன்ட்டைத்தான் எல்லாரும் பேசறாங்க, ஆனா அரியெட்டா இல்லாம அந்த டீமை நினைச்சுப் பாருங்க.

இந்த ஸேவ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒயிட் சாக்ஸோட பழைய ரீபில்டை நோண்டிப் பாத்தேன், ஏன்னா இவங்களுக்கு இது முதல் ரீபில்ட் கிடையாது. 2016 டிசம்பர்ல பிட்சர் கிரிஸ் சேலை பாஸ்டனுக்கு வித்து மொன்காடாவும் கோபெக்கும் வந்தாங்க, அடுத்த நாளே ஆடம் ஈட்டனை வாஷிங்டனுக்கு வித்து ஜியோலிட்டோ, லோபஸ், டன்னிங், அடுத்த ஜூலைல கின்டானாவை கப்ஸுக்கு குடுத்து எலோய் ஹிமெனெஸ், டிலன் சீஸ். பேப்பர்ல இதுல குறை சொல்லவே முடியாது, மூணு பேரையும் விலை உச்சத்துல இருக்கறப்ப வித்திருக்காங்க. 2021ல 93 ஜெயிச்சு டிவிஷனும் அடிச்சாங்க. அப்புறம் 2022ல 81-81, 2023ல 101 தோல்வி, அதுக்கப்புறம் அந்த 121.

என்ன ஆச்சுன்னா, மேல ஒன்பது பேர் சூப்பர், பின்னாடி ஒருத்தனும் இல்ல. 2016லேர்ந்து 2020 வரைக்கும் அவங்களோட முதல் பிக் எல்லாம் காலின்ஸ், பர்கர், மாட்ரிகல், வான், க்ரோஷே, அஞ்சு பேருமே காலேஜ் ஆளுங்க. சீக்கிரம் மேல வருவாங்கன்னு கணக்கு. அதுல ஸ்டார் ஆனது க்ரோஷே மட்டும்தான், அவரையும் 2024 டிசம்பர்ல பாஸ்டனுக்கு வித்து கைல் டீல், பிரேடன் மாண்ட்கமரின்னு மறுபடியும் முதல்லேர்ந்து. காயம் வந்தப்போ கீழேர்ந்து ஏத்த ஆளில்ல, ட்ரேட் பண்ணவும் கையில காசு இல்ல. இருந்த காசை எதுல போட்டாங்கன்னா, 2021 டெட்லைன்ல மாட்ரிகலை குடுத்து க்ரெய்க் கிம்ப்ரலை வாங்கினாங்க, ஏற்கனவே லியம் ஹென்ட்ரிக்ஸ்னு ஒரு க்ளோசர் (கடைசி இன்னிங்ஸ் போட்டு முடிக்கறவர்) இருக்கறப்ப ரெண்டாவது க்ளோசர் எதுக்குய்யா.

அதனால இந்த ஸேவ்ல நான் பாக்கற அளவுகோல் வேற. ப்ராஸ்பெக்ட் லிஸ்ட்ல டாப் 100ல எத்தனை பேர்ங்கறது இல்ல, கேட்சர், ஷார்ட்ஸ்டாப், சென்டர் ஃபீல்டுன்னு நடு வரிசைல ஒவ்வொரு இடத்துக்கும் டபுள் ஏலயும் டிரிபிள் ஏலயும் (மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழ) அடுத்த ஆள் இருக்கானான்னுதான் பாக்கறேன். 2026, 2027 ரெண்டும் சுமார்தான், தோல்விதான் அதிகம், ஓனர் மூஞ்சி தூக்கி வெச்சுக்கிட்டாரு, ஆனா மைனர்ஸ் நிறைய ஆளுங்க.

நிறையன்னா ரொம்பவே நிறைய. 2027 நவம்பர்ல நெருக்கடி வந்துச்சு. டீமோட மேஜர் லீக் 40 பேர் லிஸ்ட்ல இல்லாத பசங்களை வேற டீம் தூக்கிட்டு போற ரூல் 5 டிராஃப்ட் ஒண்ணு இருக்குல்ல, 18 வயசுக்குள்ள சைன் பண்ணவனா இருந்தா அஞ்சு சீசன், 19க்கு மேலன்னா நாலு சீசன், அதுக்குள்ள லிஸ்ட்ல ஏத்தலன்னா 1 லட்சம் டாலர் கட்டி எவன் வேணா எடுக்கலாம், எடுத்தவன் சீசன் பூரா மேஜர் லீக் டீம்லயே வெச்சுக்கணும் அவ்ளோதான். நிஜ ஒயிட் சாக்ஸே 2024 டிசம்பர்ல மில்வாக்கிகிட்டேர்ந்து ஷேன் ஸ்மித்தை இப்படித்தான் தூக்கினாங்க, அவர் அடுத்த ஜூலைலயே ஆல் ஸ்டார். 2024ல காலேஜ்லேர்ந்து எடுத்த பசங்க, ட்ரேட்ல வந்தவங்கன்னு ஒரு கும்பலே ஒரே நேரத்துல அந்தக் கெடுவுக்கு வந்து நின்னாங்க, 40ல இடம் இல்ல.

சும்மா விட்டுக் குடுக்கறதுக்கு பதிலா மூணு பேரை ஒண்ணா கட்டி ஒரு நல்ல ஸ்டார்ட்டிங் பிட்சரை வாங்கினேன், ஃப்ரீ ஏஜென்ட் (எந்த டீமுக்கு வேணா போகலாம்) ஆக ரெண்டு வருஷம் பாக்கி இருந்தவர். அதுல ஒருத்தன் டாப் 30 ப்ராஸ்பெக்ட், மனசு வரலதான்.

மனசை தேத்திக்கிட்டது கேன்சஸ் சிட்டி ராயல்ஸை நினைச்சு. 2010 டிசம்பர்ல ஸாக் கிரெய்ன்கியை மில்வாக்கிக்கு வித்து லொரென்ஸோ கேன், அல்சிடிஸ் எஸ்கோபார், ஜேக் ஓடரிஸி, ஜெரமி ஜெஃப்ரெஸ்னு நாலு பேர். ரெண்டு வருஷம் கழிச்சு அந்த ஓடரிஸியையும் அப்ப உச்சத்துல இருந்த வில் மையர்ஸையும் டாம்பா பேக்கு குடுத்து ஜேம்ஸ் ஷீல்ட்ஸ், வேட் டேவிஸை வாங்கினாங்க. ஊரே திட்டுச்சு, அதுலயும் மையர்ஸ் 2013ல ரூக்கி ஆஃப் தி இயர் (சிறந்த புதுமுகம்) வேற வாங்கிட்டாரு. ஆனா 2014ல ராயல்ஸ் வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது மேட்ச் வரைக்கும் போனாங்க, 2015ல கப் அடிச்சாங்க, கடைசி அவுட்டை எடுத்தது டேவிஸ். கேன் 2014 லீக் சாம்பியன்ஷிப்ல எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்), எஸ்கோபார் 2015ல.

இதுல கொடுமை என்னன்னா அதே ஜேம்ஸ் ஷீல்ட்ஸை 2016 ஜூன்ல ஒயிட் சாக்ஸ் வாங்கினாங்க, அப்ப அவருக்கு 34 வயசு, அதுக்கு சான் டியகோவுக்கு குடுத்தவங்கள்ல ஒருத்தன் 17 வயசு பையன், ப்ரோ லெவல்ல ஒரு மேட்ச் கூட ஆடல, பேரு ஃபெர்னாண்டோ டாடிஸ் ஜூனியர். ஒரே பிட்சர்தான், ஒரு டீமுக்கு கடைசி செங்கல்லா வந்து உக்காந்தாரு, இன்னொரு டீம் அஸ்திவாரமே இல்லாம அந்த செங்கலை வாங்கிச்சு. ஸேவ்ல ஒவ்வொரு தடவை ட்ரேட் ஸ்க்ரீன் திறக்கறப்பவும் இதைத்தான் கேட்டுக்கறேன், இந்த ஆளு வந்தா இந்த வருஷமே ப்ளேஆஃப் போவோமான்னு. இல்லன்னா மூடிடறேன்.

2028ல பலன் தெரிஞ்சுது. அந்த ஸ்டார்ட்டர், கம்மி காசுக்கு எடுத்த மூணாவது பேஸ்மேன், ராபர்ட் ட்ரேட்ல வந்த கேட்சர், கீழ் ரவுண்ட் ரிலீவருங்க எல்லாம் சேந்து வைல்டு கார்டுல (டிவிஷன்ல முதல் வராதவங்களுக்கான இடம்) ப்ளேஆஃப் உள்ள போனோம். முதல் சீரிஸ்லயே வெளிய. ஆகஸ்ட்ல ரெண்டாவது பேஸ்மேனுக்கு கால் போச்சு, டிரிபிள் ஏலேர்ந்து ஏத்தினவன் அவரைவிட நல்லா அடிச்சான், எனக்கு ப்ளேஆஃப் போனதைவிட அதுதான் சந்தோஷம்.

இப்ப குட்டி ஷார்ட்ஸ்டாப் விஷயம். 22 வயசு, டிரிபிள் ஏல பிச்சு உதறிட்டு இருக்கான், 2029 முதல் நாளே மேல ஏத்தலாம். ஏப்ரல் நடுவுல ஏத்தினா மேஜர் லீக்ல ஒரு வருஷ சர்வீஸுக்கு வேணுங்கற 172 நாள் கணக்கு முழுசாகாது, ஒரு வருஷம் கூடுதலா நம்மகிட்டயே இருப்பான், கப்ஸ் 2015ல பிரயன்ட்டுக்கு பண்ண வேலை, ஒரே ஒரு நாள் குறைஞ்சு 171ல நின்னாரு. இப்ப ரூல் மாறி, டாப் 100 பையன் முதல் நாள்லேர்ந்து ஆடி ரூக்கி ஆஃப் தி இயர் வாங்கினா டீமுக்கு ஒரு எக்ஸ்ட்ரா டிராஃப்ட் பிக். நான் முதல் நாளே ஏத்தறதா இருக்கேன், டிவிஷன்ல ரெண்டு வாரம்கூட முக்கியம். ஏத்தறதுக்கு முன்னாடியே நீண்ட ஒப்பந்தம் பேசிப் பாக்கறேன், எட்டு வருஷம் கேட்டிருக்கேன், ஏஜென்ட் இன்னும் பதில் சொல்லல. நடுவுல ஒரு டீம் அவனுக்காக சென்டர் ஃபீல்டர் ஒருத்தரை நீட்டிட்டு இருக்கு, ஆஃபர் ஸ்க்ரீன் திறந்தே கிடக்கு. அவங்க அந்த சென்டர் ஃபீல்டரோட இடது கை பிட்சர் ஒருத்தனையும் சேத்தா பேசலாம்னு திருப்பி அனுப்பியிருக்கேன், ஒத்துக்க மாட்டாங்கன்னுதான் தோணுது.