ஃபார்மட் செய்வதற்கு முன்: அடிக்கடி நின்றுபோன எங்கள் வீட்டுக் கணினி

கணினி அடிக்கடி தானாக நின்றுபோகிறது என்று சொன்னால், பெரும்பாலும் முதலில் கிடைக்கும் யோசனை ‘ஃபார்மட் செய்துவிடலாம்’ என்பதுதான். எங்கள் வீட்டு மேசைக் கணினிக்கும் அதுவே சொல்லப்பட்டது, நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஃபார்மட் செய்தால் கணினி ஏன் நின்றது என்பதற்கான தடயங்கள் எல்லாம் அழிந்துவிடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. கோளாறு ராமில், அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தில், இருந்தால், புதிதாக நிறுவப்படும் விண்டோஸின் கோப்புகளும் அதே ராம் வழியாகத்தான் வட்டுக்குப் போக வேண்டும். அவற்றில் சில பழுதாகவே பதிந்துவிடக்கூடும். அதன் பிறகு வன்பொருள் கோளாறோடு மென்பொருள் கோளாறும் சேர்ந்துகொள்ளும், எது எதனால் வந்தது என்று பிரிக்கவே முடியாது.

‘எப்போதாவது நிற்பதுதானே’ என்று விட்டுவிடுவதும் சரியல்ல. மைக்ரோசாஃப்டின் ஆய்வுப் பிரிவு ஏறத்தாழ 10 லட்சம் கணினிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவுகளில் ஒன்று என் மனத்தில் நன்றாகப் பதிந்திருக்கிறது. 8 மாதக் காலத்தில் மொத்தம் 30 நாட்களாவது இயங்கிய ஒரு கணினி, செயலி (ப்ராசஸர்) சார்ந்த வன்பொருள் பிழையால் நின்றுபோகும் வாய்ப்பு 190இல் 1. அவ்வாறு ஒரு முறை நின்றுவிட்ட கணினி மறுமுறையும் நிற்கும் வாய்ப்போ 2.9இல் 1. ஆகவே முதல் முறை நின்றபோதே பதிவுகளைப் பார்க்கத் தொடங்குவதுதான் நல்லது.

நான் முதலில் செய்தது, முக்கியமான கோப்புகளை வேறொரு வெளி வட்டில் நகலெடுத்ததுதான். ஆனால் பழைய நகலின் மீது புதியதைப் பதியவில்லை. ராம் பழுதாக இருக்குமோ என்ற ஐயம் இருக்கும்போது எடுக்கப்படும் நகலை முழுமையாக நம்ப முடியாது; கணினி நன்றாக இருந்த காலத்தில் எடுத்த நகல் அப்படியே இருக்க வேண்டும். வட்டைச் சரிசெய்யும் செக்டிஸ்க் போன்ற கருவிகளையும் இந்தக் கட்டத்தில் இயக்காமல் விடுவது நல்லது, ஏனெனில் பழுதான ராமை வைத்துக்கொண்டு அவை செய்யும் ‘திருத்தம்’ நல்ல கோப்பையும் கெடுத்துவிடலாம்.

அடுத்து, பிழை வந்தவுடன் கணினி தானாக மறுதொடக்கம் ஆகும் அமைப்பை நிறுத்தினேன். விண்டோஸின் ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி’ பகுதியில் ஒரே ஒரு குறியை நீக்கினால் போதும். விண்டோஸ் பிழையால் நிற்கும்போது தோன்றும் நீலத் திரையில் வரும் பிழைப் பெயரை நிதானமாகப் படித்துக் குறித்துக்கொள்ளலாம். பிறகு, விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். அதில் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவு வரிசையாக இருந்தது. இந்தப் பதிவைப் பார்த்ததும் பலர் மின் வழங்கியை, அதாவது எஸ்எம்பிஎஸ்ஸை, மாற்றிவிடுகிறார்கள். ஆனால் கணினி முறைப்படி அணைக்கப்படாமல் மறுபடி தொடங்கியது என்பதைத்தான் 41 சொல்கிறது. காரணத்தை அது சொல்வதில்லை. காரணத்துக்கான குறிப்பு அந்தப் பதிவின் விவரப் பகுதிக்குள், ‘பக்செக் கோட்’ என்ற வரியில் இருக்கிறது.

எங்கள் கணினியின் சிக்கல் அவிழ்ந்தது அந்த வரியில்தான். சில பதிவுகளில் அங்கே 26, 80, 10 என்று வெவ்வேறு எண்கள் இருந்தன; மற்றவற்றில் வெறும் 0 இருந்தது. எண் இருந்தால், விண்டோஸ் பிழையைக் கண்டுபிடித்துத் தானே நின்றிருக்கிறது. 0 இருந்தால் எதையும் பதியும் அவகாசமே அதற்குக் கிடைக்கவில்லை: மின்சாரம் போயிருக்கலாம், அல்லது கணினி முற்றிலும் உறைந்து, அதை வலிந்து அணைத்திருக்கலாம். வீட்டில் எல்லோரும் ‘சிஸ்டம் ஆஃப் ஆகிவிட்டது’ என்று ஒரே பெயரில் சொல்லிவந்தது உண்மையில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

அந்த எண்களைத் தேடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஈவென்ட் வியூவர் அவற்றைப் பத்தடிமானத்தில் காட்டுகிறது. நீலத் திரையும் உதவிக் கட்டுரைகளும் பதினாறடிமானத்தில் எழுதுகின்றன. இங்கே 80 என்றிருப்பது அங்கே 50. இங்கே 292 என்றிருப்பது அங்கே 124. விண்டோஸ் கால்குலேட்டரின் ‘புரோகிராமர்’ முறையில் மாற்றிக்கொள்ளலாம்.

26 என்பது நினைவக மேலாண்மைப் பிழை. 80, 10 ஆகிய இரண்டும் தவறான நினைவக முகவரியைத் தொட்டதால் வருபவை. மோசமான டிரைவராலும் (வன்பொருளை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருளாலும்) வரும், ராமாலும் வரும். டிரைவர் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே எண்ணும் ஒரே கோப்பின் பெயருமாகத் திரும்பத் திரும்ப வரும். எங்கள் கணினியிலோ ஒவ்வொரு முறையும் எண் மாறியது, நின்றுபோகும்போது விண்டோஸ் சேமிக்கும் மினிடம்ப் கோப்புகள் சுட்டிய பெயரும் மாறியது. அதனால் ராமைச் சோதிக்க முடிவுசெய்தேன். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச நிரலைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் திரையில் சிவப்பு வரிகள் இருந்தன. இந்தச் சோதனையில் ஒரு பிழை வந்தாலும் அது தேர்ச்சி ஆகாது.

அந்த முடிவை வைத்து உடனே புது ராம் வாங்கிவிடத் தேவையில்லை. எங்கள் கணினியில் 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு இருந்தன. ஒன்று பிற்பாடு வாங்கிச் சேர்த்தது. ஒவ்வொன்றையும் தனியாக, அதே ஸ்லாட்டில் வைத்துச் சோதித்தபோது பிழை இல்லை. ஸ்லாட்டை மாற்றியும் பிழை இல்லை. இரண்டையும் சேர்த்து, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கி 3200 வேகத்தில் ஓட்டியபோது மட்டுமே பிழை வந்தது. எக்ஸ்எம்பி என்பது வழக்கமான 1.2 வோல்ட்டுக்குப் பதிலாகப் பெரும்பாலும் 1.35 வோல்ட் கொடுத்து, தர அமைப்பைத் தாண்டிய வேகத்தில் ராமை ஓட்டும் ஏற்பாடு. ஜோடியாக விற்கப்படும் ராம்கள் ஜோடியாகவே சோதிக்கப்படுகின்றன. வெவ்வேறு காலத்தில் வாங்கிய இரண்டுக்கு அந்த உறுதி கிடையாது. எக்ஸ்எம்பியை அணைத்து, 2666 வேகத்தில் மறுபடி ஓர் இரவு சோதித்ததில் பிழையே வரவில்லை. கணக்கு எழுதுவதற்கும் பாடம் படிப்பதற்கும் பயன்படும் கணினியில் இந்த வேகக் குறைவை யாரும் உணரப்போவதில்லை. உணர்ந்தாலும் நான் இதையே தேர்ந்தெடுப்பேன். கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுக்கும் வேகம் எங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

நீலத் திரைகள் நின்றன; 0 பதிவுகள் நிற்கவில்லை. அவற்றின் நேரங்களைப் பார்த்தால், மின்சாரம் ஒரு கணம் போய்த் திரும்பும் மாலை வேளைகளாகவே இருந்தன. மின்சாரம் நின்ற பின் ஓர் எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிக்க வேண்டிய நேரம் 16, 17 மில்லிநொடிதான். நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லிநொடி. ஆகவே அந்த இடைவெளியை, பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் யுபிஎஸ்தான் நிரப்ப வேண்டும். கணினிக்குப் பதிலாக ஒரு குண்டு பல்பை யுபிஎஸ்ஸில் இணைத்து, சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். (பிளக்கைப் பிடுங்கினால் எர்த் இணைப்பும் அறுந்துவிடும், சுவிட்சை மட்டும் அணைப்பது பாதுகாப்பு.) பல்பு உடனே அணைந்தது; யுபிஎஸ்ஸின் பேட்டரி செயலிழந்திருந்தது.

ஈய அமில பேட்டரியின் ஆயுள் 25 டிகிரி வெப்பநிலைக்குக் கணக்கிடப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது அத்துறையில் வழங்கும் கணக்கு. எங்கள் வீட்டு மாடி அறையின் கோடை வெப்பத்தில் அது சீக்கிரம் செயலிழந்ததில் வியப்பில்லை. 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றை மட்டும் மாற்றினோம். யுபிஎஸ்ஸைத் தரைத்தளத்து நிழலான மூலைக்குக் கணினியோடு சேர்த்தே கொண்டுவந்துவிட்டோம். அதன் பிறகு மின்சாரம் போய்த் திரும்பிய நேரங்களில் 41 பதிவு எதுவும் சேரவில்லை.