ஏழு தௌ ஆட்டம்: ஹட்டனில் ஒரு சிறு சி.என்.சி. மில்லிங் இயந்திரம்

கணினி ஓட்ட உலோகத்தைச் சீவும் என் சிறு சி.என்.சி. மில்லிங் இயந்திரத்தில் ஐந்து வாரங்களாக என்னை அலைக்கழித்த படிக்கட்டு சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை மறைந்தது. சுழன்று சீவும் 50 மில்லிமீற்றர் ஃப்ளை கட்டரை, பட்டைக்குப் பட்டை 30 மில்லிமீற்றர் நகர்த்தி ஓட்டி அலுமினியத் தகட்டின் முகத்தைச் சீவும்போது, ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் இடையே நகத்தில் தட்டுப்படும் விளிம்பைத்தான் படிக்கட்டு என்கிறேன். என்னுடையதைப் போன்ற எக்ஸ்2 வகை இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இதைக் கேட்டவுடனே, கட்டர் தலையைத் தாங்கும் தூண் செங்குத்தாக இல்லை என்பது விளங்கிவிடும். எனக்கும் அப்படித்தான் உடனே விளங்கியது. ஐந்து வாரம் வீணானதற்கு அதுவே காரணம்.

இடது வலது சாய்வு பெரிய சிக்கலாக இருக்கவில்லை. தூணைப் பிடித்திருக்கும் பெரிய நட்டை இறுக்கும்போதெல்லாம் தூணும் சேர்ந்து சற்றுத் திரும்பிவிடும் என்பது இந்த இயந்திரத்தின் பிறவிக் குணம். இரு பக்கமும் ஒரு பட்டை இரும்பைப் பொருத்தி, எம்8 போல்ட் இரண்டால் தூணை எதிரெதிராக நெருக்கிப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கியபோது அந்தத் தொல்லை ஓய்ந்தது.

முன் பின் சாய்வுதான் என்னைப் படுத்தியது. நுண்ணிய உயர வேறுபாட்டை முள்ளால் காட்டும் டயல் கேஜின் முனை, மேசையின் டி வடிவக் காடிகளில் விழுந்து விழுந்து எழுவதால், 6 மில்லிமீற்றர் கண்ணாடித் துண்டொன்றை மேசைமேல் வைத்து, கட்டரைச் சுழற்றும் தண்டாகிய ஸ்பிண்டிலில் கட்டிய கேஜை 100 மில்லிமீற்றர் ஆரத்தில் கையால் சுற்றிப் பார்த்தேன். முன்பக்கம் 0.30 மில்லிமீற்றர் தாழ்வு என்று காட்டியது. தூணின் அடிப்பாகத்தில் போல்ட்டுகளின் முன் பின் இடைவெளி 100 மில்லிமீற்றர் ஆகையால், கேஜ் சுற்றிய 200 மில்லிமீற்றர் விட்டத்துக்கு 0.30 என்றால் 100க்கு 0.15 என்று கணக்கிட்டு, 0.10 கனமுள்ள சவர பிளேட் ஒன்றையும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜிலிருந்து வெட்டிய 0.05 தகடு ஒன்றையும் முன்பக்கத்தில் ஷிம்மாக, அதாவது உயர்த்தும் மெல்லிய அடைப்பாக, செருகினேன். கேஜின் முள் அசையாமல் பூச்சியத்தில் நின்றது. மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அடுத்த அரை மணி நேரத்தில் சீவிய தகட்டில் படிக்கட்டு முன்னையதைவிடப் பெரிதாக இருந்தது. அதைவிட வியப்பு, அது திசை மாறியிருந்தது: முன்பு ஒவ்வொரு பட்டையிலும் முன் விளிம்பு தாழ்ந்திருந்தது, இப்போது பின் விளிம்பு தாழ்ந்திருந்தது. ஷிம்மை மாற்றி மாற்றி இதே கூத்தை எத்தனை முறை ஆடினேன் என்று எண்ணவில்லை.

இந்த நிலையில் எனக்கு வழி காட்டியது ஓர் எண்ணெய்க் கலன். ஹட்டனில் உள்ள இரும்புக் கடையொன்றில் வழுக்குத் தளங்களுக்கான 68ஆம் இலக்க எண்ணெயைக் கேட்டபோது, இதே எண்ணெயைத் தலவாக்கலையிலிருந்து ஓர் ஐயாவும் வந்து கேட்டதாகக் கடைக்காரர் சொன்னார். தேயிலை ஊரில் இந்த எண்ணெய் எதற்கு என்று யோசித்து, என் தொலைபேசி இலக்கத்தை விட்டுவந்தேன். ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டர் அவர். வாழ்நாளெல்லாம் ரோலர்களின் கன்மெட்டல் புஷ்களைக் கடைந்த கை. இப்போது வீட்டின் பின்புறத்தில் ஒரு பழைய லேத்தும், மகன் வாங்கிக் கொடுத்த சிறு மில்லிங் இயந்திரமும் வைத்திருக்கிறார். அவர் வழியாகப் பண்டாரவளையில் கணிதம் கற்பிக்கும் அக்கா ஒருவரும் அறிமுகமானார். 300க்கு 180 மில்லிமீற்றர் அளவுள்ள சிறிய செதுக்கும் இயந்திரம் அவருடையது. மலையகத்தில் இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும்தான் என்று எண்ணியிருந்தவனுக்கு இது பெரிய ஆறுதல்.

ஐயா வந்தார், தேநீரைக் குடித்தார், என் கணக்குத் தாளைப் பார்க்கவே இல்லை. கேஜைக் கண்ணாடிமேல் முட்டவைத்துவிட்டு, "தம்பி, மொதல்ல தலைய கையால தூக்கித் தள்ளிப் பாத்தீங்களா?" என்று கேட்டபடி, ஸ்பிண்டில் தலையின் அடியில் உள்ளங்கையை வைத்து மேல்நோக்கி அழுத்தினார். முள் 0.18 ஓடி, கையை எடுத்ததும் திரும்பி வந்தது. "ஏழு தௌ ஆடுது. ஆடுற சாமானுக்கு ஷிம் வச்சி என்னா பண்ண?" என்றார். தௌ என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அத்துடன் எல்லாம் விளங்கிவிட்டது. தலை தன் எடையாலேயே முன்னால் தொங்குகிறது. அந்தத் தொங்கலையும் சேர்த்துத்தான் நான் 0.30 என்று அளந்திருக்கிறேன். வெட்டும்போது கட்டர் எதிர்த்து உதைப்பதால் தலை மேலெழுந்து, 0.18 காணாமல் போய், தூணின் உண்மையான சாய்வாகிய 0.12 மட்டுமே எஞ்சுகிறது. நான் 0.30க்கு ஷிம் வைத்தால், வெட்டும் வேளையில் அதில் 0.18 மிகையாகி எதிர்ப்பக்கம் சாய்க்காமல் வேறென்ன செய்யும்?

குற்றவாளி இசட் அச்சின் கிப், அதாவது தலை மேலும் கீழும் வழுக்கும் தளத்தில் ஆட்டத்தை நீக்கத் திருகுகளால் அழுத்தப்படும் பட்டை. கழற்றிப் பார்த்தபோது அந்தப் பட்டையின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து மின்னியது. இரு முனைகளும் தளத்தைத் தொட்டதற்கான அடையாளமே இல்லை. கண்ணாடிமேல் 400ஆம் இலக்க எமரித் தாளை விரித்து, எண்ணெய் விட்டு, எட்டு வடிவில் இரண்டு மாலை தேய்த்தேன். திருகுகளின் முனை உட்காரும் குழிகளும் இடம் தவறியிருந்தன. திருகை இறுக்கினால் பட்டை அழுந்துவதற்குப் பதிலாக மேலே நழுவியது. குழிகளைப் புதிதாகத் துளைத்தேன். இறுக்கும்போது பொறுமையைச் சோதிப்பது பூட்டு நட்டுதான்: அலன் கீயால் திருகை அசையாமல் பிடிக்காவிட்டால், நட்டோடு திருகும் கால் சுற்று கூடப் போய்த் தலை இறுகிக்கொள்ளும். மேலிருந்து கீழாக வரிசையாக இறுக்காமல், நடுத் திருகை முதலில் லேசாக ஊன்றி, பிறகு முனைகளுக்குப் போனதே எனக்குக் கைகொடுத்தது.

இப்போது தள்ளினால் 0.02தான் அசைகிறது. சவர பிளேட்டை எடுத்துவிட்டேன், 0.05 தகடு மட்டும் இருக்கிறது. புதிதாகச் சீவிய தகட்டில் பட்டைகள் கண்ணுக்குத் தெரிகின்றன, நகத்துக்குத் தெரியவில்லை. இடது வலமாக ஓடும் கட்டரின் முந்திச் செல்லும் விளிம்பும் பின்தொடரும் விளிம்பும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் வரிகளும் சில இடங்களில் தோன்றுகின்றன. இடது வலது சாய்வும் சரி என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தகடு வாங்கும் கதையையும் சொல்லிவிடுகிறேன். நல்ல அலுமினியத் துண்டுகளுக்கு நான் கொழும்புக்கே போகிறேன். பஞ்சிகாவத்தையில் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும், ஆனால் எந்தக் கலவை என்று கேட்டால் கிடைப்பது சிரிப்பு மட்டுமே. வாங்கிவந்த ஒரு துண்டு பிசின்போலக் கட்டரில் ஒட்டிக்கொண்டது. இன்னொரு பக்கம் துரு: தென்மேற்குப் பருவ மழைக்காலத்தில் பனிமூட்டம் அறைக்குள்ளேயே வந்துவிடுவதால், கேஜ் பெட்டியில் ஐயா சொன்னபடி கர்ப்பூரமும், என் நம்பிக்கைக்காகச் சிலிக்கா ஜெல்லும் போட்டிருக்கிறேன்.

மேசையை முன் பின்னாக நகர்த்தும் வை அச்சில் இன்னும் பழைய திருகுதான் ஓடுகிறது. 16 மில்லிமீற்றர் விட்டமும் சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் ஏற்றமும் உள்ள, நட்டுக்குள் பந்துகள் உருளும் பந்துத் திருகு வந்து மேசையடியில் கிடக்கிறது. சுற்றுக்கு 200 படி நகரும் மோட்டாரின் ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்து ஓட்டினால் மில்லிமீற்றருக்கு 320 படி என்று கணினியில் எழுதியும் வைத்துவிட்டேன், ஆனால் நட்டுக்கான இருக்கையை இன்னும் கடையவில்லை. அதற்குள் ஐயா வேறு வேலை தந்திருக்கிறார். பழைய ஆங்கிலேய இயந்திரங்களில் இருக்கும் 55 பாகை விட்வர்த் மரைக்கு நட்டுக் கிடைப்பது அரிதாகிவிட்டதால், மரையையும் மில்லிங்கிலேயே வெட்ட முடியுமா என்று கேட்கிறார். வரும் போயா (முழுநிலா விடுமுறை) தினத்தன்று, தொடும் இடங்களைக் காட்டும் நீல மையுடன் வருகிறார். அவர் கிப்பின் தொடுகையைச் சோதிக்கும் நேரத்தில் நான் அந்த நட்டு இருக்கையைக் கடைந்துவிடலாம் என்றிருக்கிறேன். பண்டாரவளை அக்காவும் காலை ரயிலில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.