சூடானால் முறுக்கிக்கொள்ளும் மினி லாரி

குளிரில் ஸ்டார்ட் ஆகாத டீசல் வண்டிக்கு ஊரெல்லாம் வைத்தியர்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு அதே வைத்தியர்களோடு எலுமிச்சம்பழம் கட்டுகிறவரும் வந்துவிடுவார். பெங்களூரு அல்சூரில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கும் என் மாமாவின் பழைய மினி லாரி இந்த இரண்டாவது ரகம்.

மார்கழிக் காலையில்கூட ஒரே செல்ஃபில் பிடித்துக்கொள்ளும். மத்தியானம் மண்டபத்தில் அண்டாவையும் நாற்காலிகளையும் இறக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினால் மட்டும் செல்ஃப் வெறுமனே சுற்றும், எஞ்சின் எழுந்திருக்காது. நிழலில் ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்தால், எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

அதனால் டிரைவர் அண்ணன் எஞ்சினை அணைப்பதையே விட்டுவிட்டார். டீ குடிக்கும்போதும் ஓடும், சாப்பிடும்போதும் ஓடும். ஒரு முகூர்த்தத்தில் கெட்டிமேளத்துக்கு மேல் எங்கள் வண்டி உறுமியது என்று சொல்லிப் பெண் வீட்டார் வாடகையில் கையை வைத்தார்கள். மாமாவுக்கு அதைவிட டீசல் பில்தான் நெஞ்சுவலி.

ட்ரினிட்டி சர்க்கிள் சிக்னலில் ஒருநாள் போக்குவரத்துக் காவலர் கதவைத் தட்டி, "காடி ஆஃப் மாடி" என்றார். சிவப்பு விழுந்தால் எஞ்சினை அணைக்க வேண்டும், காற்று கெடக்கூடாது, நல்ல விஷயம்தான். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை, அணைத்தார். பச்சை விழுந்தது. அதே காவலர் இப்போது விசிலோடு ஓடிவந்து, "காடி தெகீரி, தெகீரி!" என்றார், வண்டியை எடு என்று. பின்னால் எம்.ஜி. ரோடு முழுக்க ஹாரன். கடைசியில் அவரும் ஒரு தோள் கொடுத்துத்தான் வண்டி ஓரமாகப் போனது.

இன்னொரு நாள் ஏரிக்கரையில், திருவள்ளுவர் சிலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது. 1991-லிருந்து 2009 வரை திறப்பு விழா காணாமல் மூடியே இருந்த சிலை அது. காத்திருப்பதைப் பற்றி ஐயனுக்குப் புதிதாகச் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை.

தெருவே மருத்துவம் பார்த்தது. எதிர்க்கடை அயர்ன்காரர், "பேட்டரிதாம்பா" என்று அடித்துச் சொன்னார். பேட்டரி மாற்றியாயிற்று. செல்ஃப் மோட்டார் என்றார்கள், கழற்றிப் பூட்டினோம். டீசல் ஃபில்டர் மாற்றி, ஏர் எடுத்துப் பார்த்தோம். அத்தை தன் பங்குக்கு வண்டியைச் சுற்றித் திருஷ்டி கழித்தார். அன்று மட்டும் வண்டி கொஞ்சம் சீக்கிரம் ஸ்டார்ட் ஆனதாக இன்றுவரை சாதிக்கிறார். மழை பெய்த நாள் அது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

கடைசியில் ஜே.சி. ரோடு பக்கம் ஒரு வயதான மெக்கானிக் கிடைத்தார். வண்டியைத் தொடவே இல்லை. "சூடா இருக்கும்போது கொண்டா" என்றார். இத்தனை பேரில் வியாதி இருக்கும்போது நோயாளியைப் பார்க்கக் கேட்ட முதல் ஆள் அவர்தான். ஊரைச் சுற்றிக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோய் அணைத்தோம். அண்ணனைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு அவர் சைலன்சருக்குப் பின்னால் போய்க் குந்தினார்.

"செல்ஃப் வேகமா சுத்துது, அப்ப பேட்டரியும் மோட்டாரும் சரி. ஆனா பொகையே வரல பாரு. டீசல் உள்ள போயி எரியலன்னா வெள்ளையா பொகைஞ்சிருக்கும். உள்ள போகவே இல்ல."

சாவி போட்டால் டீசலைத் திறந்துவிடும் சோலனாய்டுக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர் கொடுத்துப் பார்த்தார். டக் என்று சத்தம் வந்தது, அதுவும் சரி. எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டைத் தளர்த்தி மறுபடி அடிக்கச் சொன்னார். பீய்ச்ச வேண்டிய டீசல் அங்கே அழுதுகொண்டிருந்தது.

அப்புறம் ஒரு சாக்கை வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து டீசல் பம்பின் மேல் போர்த்தினார். நான் வாளியோடு ஊற்றப் போனேன், கையைத் தட்டிவிட்டார். சூட்டில் சட்டென்று தண்ணீர் விழுந்தால் பம்பு உள்ளே இறுகிக்கொள்ளலாமாம். சாக்கை மறுபடி நனைத்து, மறுபடி போர்த்தி, ஒரு பீடி முடிந்ததும், "அடி" என்றார்.

ஒரே செல்ஃப். அண்ணன் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

விஷயம் இதுதான். ரோட்டரி பம்பின் தலைக்குள் சுழலும் தண்டுக்கும் அதன் உறைக்கும் நடுவே மைக்ரான் கணக்கில்தான் இடைவெளி. வருஷக்கணக்கில் தேய்ந்து அது கொஞ்சம் அகலமாகிவிட்டது. குளிர்ந்த டீசல் கெட்டி, அந்தச் சந்தில் அவ்வளவாகக் கசியாது. சூடானால் இளகி நழுவிவிடும், செல்ஃப் சுற்றும் மெதுவான வேகத்தில் அழுத்தம் ஏறாது. எஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டால் பம்பும் வேகமாகச் சுற்றுவதால் கசிவு தெரியாது. அதனால்தான் ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

பம்பு வேலைக்கு இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. 1951-ல் தொடங்கிய மைக்கோ கம்பெனி, டீசல் பம்பு செய்தே ஆடுகோடியை வளர்த்தது. 2008-ல் பெயர் பாஷ் என்று மாறியும் ஊர் வாயில் இன்னும் மைக்கோதான். டெஸ்ட் பெஞ்ச் வைத்த ஒரு கடையில் தலையை மாற்றி, அளவு பார்த்துக் கொடுத்தார்கள். பில்லைப் பார்த்த மாமா அந்த ஈரச்சாக்கிலேயே இன்னும் இரண்டு வருஷம் ஓட்டியிருக்கலாமே என்றார்.

பம்பு பூட்டிய அன்று மாலை அண்ணனைக் கையில் பிடிக்க முடியவில்லை. சூடான வண்டியைக் கடை வாசலில் நிறுத்தி, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்து காட்டினார். டீக்கடைக்காரருக்கு ஒரு தடவை, பூக்கார அக்காவுக்கு ஒரு தடவை, கடைசியாக அத்தைக்கு. அத்தை வந்து நின்றபோது செல்ஃப் டிக் என்றது, அதோடு சரி. ஹெட்லைட்டும் உள்ளே ஃபேனும் அவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டிருந்தன.

அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்தார்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே, பேட்டரின்னு."