மார்கரெட் ரிவர்: டாக்டர்களும் குட்டிப் பறவைகளும்

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஒயின் பகுதி மார்கரெட் ரிவர்; பெர்த் நகரிலிருந்து தெற்கே சுமார் 270 கிலோமீட்டர். பஸ்ஸல்டனைத் தாண்டி கேவ்ஸ் ரோட்டுக்குள் நுழைந்ததும் காடு சூழ்ந்துகொள்கிறது; இடையிடையே திராட்சைத் தோட்டங்கள். வடக்கே நேச்சுரலிஸ்ட் முனை, தெற்கே லூவின் முனை, இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். மூன்று பக்கம் கடல் என்பதால் வெயிலும் குளிரும் அளவோடு இருக்கின்றன.

இங்கே ஒயின் பெரிய பழம்பெருமை கொண்டதல்ல. 1960களின் நடுவில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் விஞ்ஞானி, இந்தப் பகுதியின் பருவநிலை ஃபிரான்ஸில் ஒயினுக்குப் பேர்போன போர்டோவைப் போல இருக்கிறது என்று எழுதினார். அதை நம்பி முதலில் காசைப் போட்டவர்களில் பலர் டாக்டர்கள்! டாம் கல்லிட்டி என்ற இதயநோய் மருத்துவர் 1967-ல் வாஸ் ஃபீலிக்ஸ் என்ற ஒயின் தோட்டத்தைத் தொடங்கினார். மாஸ் வுட், கல்லன் தோட்டங்களும் டாக்டர்கள் ஆரம்பித்தவைதான்.

கல்லிட்டிக்குப் பெரிய தலைவலி சில்வர்ஐ என்ற பறவை. நம் ஊர் வெள்ளைக்கண்ணியின் நெருங்கிய சொந்தம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பழுத்த திராட்சையைக் கொத்தித் தீர்த்துவிடும். விரட்டுவதற்காக அவர் ஒரு வல்லூறைக் கொண்டுவந்தார். அவிழ்த்துவிட்டதும் அது பறந்தே போய்விட்டதாம். வாஸ் ஃபீலிக்ஸின் சின்னத்தில் இன்றும் வல்லூறுதான் இருக்கிறது. தோற்ற கதையையே லேபிளாக ஒட்டி விற்கிற அந்தக் குசும்பு எனக்கு ரொம்பப் பிடித்தது.

உண்மையில் திராட்சையைக் காப்பது மர்ரி என்ற காட்டு மரம். கோடைக் கடைசியில், திராட்சை பழுக்கிற நேரத்தில், வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். பூ நன்றாக இருந்தால் பறவைகள் தேனுக்காகக் காட்டிலேயே தங்கிவிடும். ஏமாற்றினால் தோட்டத்துக்குப் படையெடுக்கும். நாங்கள் போனது பிப்ரவரி இறுதி. செடி வரிசைகள் மேல் நீளமாக வலை போர்த்தியிருந்தார்கள். ஒயின் ஊற்றிக் கொடுத்த பெண்மணி பருவத்தைப் பற்றிப் பேசும்போது மழையைச் சொல்வதற்கு முன்னால் மர்ரியைத்தான் சொன்னார்.

சரி, ஒயின்? இந்த ஊர் பேர் வாங்கியது கேபர்னே சாவினியோன் என்ற சிவப்பு ஒயினுக்கும் ஷார்டனே என்ற வெள்ளை ஒயினுக்கும். எனக்கு இரண்டாவதுதான். சுவைத்துவிட்டுத் துப்புவதற்கு மேஜையிலேயே ஒரு பாத்திரம் இருக்கும், கூச்சப்பட வேண்டாம். ஓட்டுநருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 0.05 சதவீதம்தான். குழுவில் குடிக்காதவர் யாரும் இல்லையென்றால் சுற்றுலா வேனில் போய்விடுங்கள். மாலைக்கு ப்ரெவெல்லி கடற்கரையை வைத்துக்கொள்ளுங்கள். அலைச்சறுக்கு பார்க்கக் காசு எதுவும் கிடையாது.