நடுகல்லின் முன் பென்சிலும் வரைதாளும்

சேலம் அரசு அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு வருபவர்களில் பலர் ஏற்காட்டுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்ப்பவர்கள். அவர்களுள்ளும், இறந்துபட்ட வீரர்களின் நினைவாக நடப்பட்ட நடுகற்களின் முன் நிற்பவர்கள் குறைவு. தேய்ந்த உருவம், புரியாத எழுத்து என்று பிள்ளைகள் நகர்ந்துவிடுவது இயல்புதான். ஆகவே என் மகளுக்கும் மகனுக்கும் ஆளுக்கொரு பென்சிலும் வரைதாளும் கொடுத்து, விளக்கப் பலகையைப் படிக்காமல் ஒரு கல்லை வரைந்துகொண்டு, அந்த வீரன் எப்படி இறந்திருப்பான் என்று ஊகித்துச் சொல்லும்படி கேட்டேன்.

வரையத் தொடங்கியதும் பார்வை கூர்மையாகிவிடுகிறது. கொண்டை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, கையில் இருப்பது வில்லா வாளா, உடலில் அம்பு தைத்திருக்கிறதா, அருகில் மாடு உண்டா என்பதையெல்லாம் கவனிக்காமல் கோடு இழுக்க முடியாது. மாடு இருந்தால் ஆநிரையைக் கவரவோ மீட்கவோ நடந்த பூசலில் பட்டவன் என்று கொள்ளலாம். விலங்கோடு பொருதுபவனாக இருந்தால் புலிக்குத்திக் கல்லாக இருக்கக்கூடும். தன் கல்லில் புலி இல்லை என்று வாடிய மகனிடம், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயும் வீரனோடு இடம்பெற்றிருப்பதைச் சொன்னேன். அதன்பின் ஒவ்வொரு கல்லிலும் நாய் தேடும் வேலை நடந்தது.

கல்லைத் தேர்வதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை தொல்காப்பியம் ஆறு நிலைகளைச் சொல்கிறது. மகள் அவற்றைத் தன் படத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

கல்வெட்டைப் படியெடுப்பது பிள்ளைகளுக்கு இன்னும் பிடித்த பகுதியாக இருந்தது. ஆய்வாளர்கள் கல்லைத் துலக்கி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளங்களுக்குள் இறக்கிய பிறகு மை ஒற்றுகிறார்கள். மேடு கறுத்துவிட, எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கிறது. காட்சிப்பொருளைத் தொடக் கூடாது என்பதால், அந்தச் சோதனையை அம்மாப்பேட்டையில் இருக்கும் பிள்ளைகளின் பாட்டி வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களில் செய்து பார்த்தோம். பெயர் பொறித்த தட்டின்மேல் மெல்லிய தாளை அழுத்திப் பிடித்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் போதும். குடத்தின் வளைவில் தாள் வழுக்குகிறது; தட்டையான தாம்பாளமே வசதி.

எழுத்து தெளிவாக விழுந்ததும், "பாட்டி, இது யார் பேரு?" என்றாள் மகள். பாட்டி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதலெழுத்து தம்முடையதாகத் தெரியவில்லை. எந்தக் கல்யாணத்தில் யார் வைத்த சீர் என்று கேட்க உடனே தம் அக்காவுக்குத் தொலைபேசியில் பேசினார். அங்கிருந்து வந்த பதிலைத் தாளின் பின்புறம் மகன் எழுதிக்கொண்டிருக்க, பாட்டியோ, தம் தாம்பாளம் அக்கா வீட்டுக்கு எப்படிப் போனது என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.